அல்சரேட்டிவ் கோலைட்டிஸோடு குடித்தனம் நடத்துவது எப்படி

மலத்தோடு ரத்தம் போனால் எல்லார் வாயிலும் முதலில் வருவது மூலம். பல சமயம் அது மூலமாகவே இருக்கவும் செய்யும், இல்லை என்று சொல்லவில்லை. ஆனால் ரத்தத்தோடு சளியும் சேர்ந்து வருகிறது, ஒரு நாளைக்கு ஐந்தாறு தடவை ஓட வேண்டியிருக்கிறது, நடுராத்திரி தூக்கத்திலிருந்து எழுப்பிவிடுகிறது, போய் உட்கார்ந்தால் ஒரு ஸ்பூன் அளவுதான் வருகிறது, கை கழுவிவிட்டு வெளியே வருவதற்குள் மறுபடி முட்டுகிறது, இப்படியே வாரக்கணக்கில் போகிறது என்றால் அதை மூலம் என்று தள்ளிப்போடாதீர்கள். அல்சரேட்டிவ் கோலைட்டிஸாக இருக்கலாம். பெருங்குடலின் உட்சுவர் அழன்று புண்ணாகும் நோய் அது. வயிற்றெரிச்சலுக்குக் குடிக்கும் ஆன்டாசிட் அதைத் தொடக்கூடத் தொடாது, ஏனென்றால் புண் இருப்பது இரைப்பையில் இல்லை, அதற்குப் பல மீட்டர் தள்ளி.

இதைப் புதிதாகக் கேள்விப்பட்டவர்கள் நேராக "என்ன சாப்பிடலாம், என்ன சாப்பிடக் கூடாது" என்று தேட ஆரம்பித்துவிடுவார்கள். அதை அப்புறம் பார்க்கலாம். முதலில் குடலின் எந்தப் பகுதி என்ன வேலை செய்கிறது என்று தெரிந்துகொள்ளுங்கள். அது தெரிந்துவிட்டால் உங்கள் தொந்தரவு ஏன் இப்படி இருக்கிறது, டாக்டர் ஏன் மாத்திரையோடு எனிமாவும் (ஆசனவாய் வழியே உள்ளே விடும் திரவ மருந்து) எழுதுகிறார், பக்கத்து வீட்டுக்காரருக்குக் கேட்ட மருந்து உங்களுக்கு ஏன் கேட்கவில்லை என்பதெல்லாம் தானாக விளங்கும். இந்த நோயில் "எந்த இடம்" என்பதுதான் முதல் கேள்வி.

உள்ளே போனது எந்த வழியில் போகிறது

வாயில் மெல்லும்போதே உமிழ்நீர் மாவுச்சத்தை உடைக்கத் தொடங்கிவிடும். விழுங்கியது சுமார் 25 சென்டிமீட்டர் நீள உணவுக்குழாய் வழியாகச் சில நொடிகளில் இரைப்பைக்கு இறங்கும். இரைப்பை ஹைட்ரோகுளோரிக் அமிலத்தையும் பெப்சினையும் சுரந்து, பிசைந்து, கூழாக்கி, கொஞ்சம் கொஞ்சமாகச் சிறுகுடலுக்குள் தள்ளும். சாதாரணமாக ஒரு வேளைச் சாப்பாடு இரைப்பையை விட்டு முழுதாக வெளியேற இரண்டிலிருந்து நான்கு மணி நேரம் ஆகும், கொழுப்பு அதிகமென்றால் இன்னும் தாமதம்.

சிறுகுடல்தான் நிஜமான செரிமானம் நடக்கிற இடம். சுமார் 6 மீட்டர் நீளம். கல்லீரலில் உண்டான பித்தநீர் கொழுப்பைச் சிறு துளிகளாகப் பிரிக்கும், கணையத்திலிருந்து வரும் நொதிகள் புரதம், மாவு, கொழுப்பு மூன்றையும் வெட்டும், உட்சுவரில் அடர்ந்து நிற்கும் குடலுறிஞ்சிகள் அதை ரத்தத்துக்குள் இழுத்துக்கொள்ளும். இதன் கடைசிப் பகுதியைக் கொஞ்சம் நினைவில் வையுங்கள். வைட்டமின் பி12உம் பித்த உப்புகளும் அங்கேதான் உறிஞ்சப்படுகின்றன. கிரோன் நோய் என்று ஒன்று இருக்கிறது, அது அதிகம் பிடிப்பது இந்த இடத்தைத்தான், அதனால் அவர்களுக்கு பி12 குறையும். அல்சரேட்டிவ் கோலைட்டிஸ் சிறுகுடலில் வருவதில்லை. ஆகவே சாப்பிட்டதில் உள்ள சத்து உங்கள் உடம்பில் சேரத்தான் செய்கிறது. "எது சாப்பிட்டாலும் அப்படியே வெளியே போய்விடுகிறது" என்று நிறையப் பேர் பயப்படுகிறார்கள். அப்படி இல்லை. எடை இறங்குவது பெரும்பாலும் பயந்துகொண்டு சாப்பாட்டைக் குறைப்பதாலும், அழற்சியே பசியை அடக்கி உடம்பைத் தின்பதாலும்தான்.

இனி தண்ணீர்க் கணக்கு. நாம் குடிப்பதும் சாப்பாட்டில் உள்ளதுமாக ஒரு நாளைக்கு ஏறக்குறைய 2 லிட்டர் உள்ளே போகிறது. உமிழ்நீர், இரைப்பை நீர், பித்தநீர், கணைய நீர் என்று உடம்பே ஊற்றுவது இன்னொரு 7 லிட்டர். மொத்தம் 9. இதில் பெரும்பகுதியைச் சிறுகுடல் உறிஞ்சிவிடும், ஒன்றரை லிட்டர் போலத்தான் பெருங்குடலுக்குள் நுழையும். பெருங்குடல் அதையும் இழுத்துக்கொண்டு கடைசியில் மலத்தோடு வெளியே விடுவது 100, 200 மில்லி மட்டுமே. ஒன்றரை மீட்டர் நீளமுள்ள பெருங்குடலின் முக்கிய வேலை இதுதான்: தண்ணீரையும் உப்பையும் திரும்ப எடுத்துக்கொள்வது. அந்தச் சுவர் புண்ணாகிவிட்டால் தண்ணீர் உள்ளேயே நின்றுவிடுகிறது, போதாக்குறைக்குப் புண்ணிலிருந்து ரத்தமும் சளியும் கசிகிறது. பேதி வருவது இதனால்தான், சாப்பாடு ஒத்துக்கொள்ளாததால் அல்ல.

பெருங்குடல் வலது அடிவயிற்றில் தொடங்கி மேலே ஏறி, வயிற்றின் குறுக்கே போய், இடது பக்கம் இறங்கி, ஒரு வளைவு வளைந்து மலக்குடலில் முடிகிறது. இந்த "இடது பக்கம் இறங்குவது" என்பதை ஞாபகம் வைத்திருங்கள், எனிமா எடுக்கும்போது தேவைப்படும். கோடிக்கணக்கான பாக்டீரியாக்கள் குடியிருப்பதும் பெருங்குடலில்தான். நம்மால் செரிக்க முடியாத நார்ச்சத்தை அவை நொதிக்கவைத்து பியூட்டிரேட் போன்ற சிறு கொழுப்பு அமிலங்களைத் தருகின்றன, பெருங்குடல் செல்களுக்கு அதுதான் முக்கிய எரிபொருள்.

மலக்குடல் கடைசி 12, 15 சென்டிமீட்டர். இதற்கு இரண்டு திறமை உண்டு. ஒன்று, விரிந்துகொடுத்து மலத்தைத் தேக்கிவைப்பது. இரண்டு, வந்திருப்பது காற்றா, நீரா, கட்டியா என்று உணர்ந்து சொல்வது. அழற்சி வந்தால் இரண்டும் போய்விடும். சுவர் இறுகி விரிய மறுக்கும், சின்னதாக ஏதாவது வந்தாலும் "உடனே போ" என்று அலறும். அவசரம், அடக்க முடியாமை, போய்வந்த பிறகும் மீதி இருப்பதுபோன்ற உணர்வு எல்லாவற்றுக்கும் இந்த ஒரே காரணம். அதனால்தான் நோய் மலக்குடலில் மட்டும் இருக்கிற ஒருவர், அளவில் "சின்ன நோய்" என்று ரிப்போர்ட்டில் இருந்தாலும், வீட்டை விட்டு வெளியே போகவே பயப்படுவார்.

இன்னொன்று: சாப்பிட்டதும் இரைப்பை விரியும்போது பெருங்குடலுக்கு ஒரு சேதி போய், அது சுருங்கி உள்ளே இருப்பதைத் தள்ளும். எல்லாருக்கும் உள்ள இயல்பு இது. நோய் மூண்டிருக்கும்போது இது பல மடங்கு உறைக்கும், சாப்பிட்ட பத்தாவது நிமிஷம் ஓட வேண்டியிருக்கும். ஆனால் அப்போது வெளியே வருவது இப்போது சாப்பிட்டது அல்ல, முந்தைய நாளோ அதற்கும் முன்போ சாப்பிட்டது. இது தெரியாமல் கடைசியாகச் சாப்பிட்ட பொருளைக் குற்றவாளியாக்கி ஒவ்வொன்றாக விலக்கிக்கொண்டே வந்து, கடைசியில் இரண்டு மூன்று பொருளைத் தவிர எதையும் தொடாதவர்கள் உண்டு.

நோய் எங்கே தொடங்குகிறது, எதுவரை ஏறுகிறது

அல்சரேட்டிவ் கோலைட்டிஸ் ஏறக்குறைய எப்போதும் மலக்குடலில் தொடங்கி, இடைவெளி விடாமல் மேல்நோக்கி ஏறும். மலக்குடலோடு நிற்கலாம், இடது பக்கம் முழுக்கப் பரவலாம், பெருங்குடல் முழுவதையும் பிடிக்கலாம். புண் இருப்பது உட்சுவரின் மேல் அடுக்கில் மட்டும். கிரோன் நோய் வேறு மாதிரி: வாயிலிருந்து ஆசனவாய் வரை எங்கும் வரும், நடுவில் நல்ல இடங்களை விட்டுவிட்டுத் திட்டுத் திட்டாக வரும், சுவரின் முழுத் தடிமனையும் ஊடுருவும், அதனால் குடல் சுருங்கி அடைப்பதும் பக்கத்து உறுப்புக்குள் துளை விழுவதும் அதில் அதிகம். 1932இல் நியூயார்க்கில் பர்ரில் கிரோன் என்ற மருத்துவரும் அவருடன் இருந்த இருவரும் அதை விவரித்து எழுதியதால் அந்தப் பெயர். இரண்டையும் சேர்த்துத்தான் ஐபிடி, அதாவது குடல் அழற்சி நோய் என்கிறார்கள். ஐபிஎஸ் என்கிற எரிச்சல் குடல் தொந்தரவு இவை இரண்டும் அல்ல, அதில் குடலில் புண்ணே இருக்காது, ரத்தம் வராது. எழுத்து ஒன்றுதான் மாறுகிறது என்பதால் குழப்பிக்கொள்ளாதீர்கள்.

ஏன் வருகிறது? நோய் எதிர்ப்பு மண்டலம் குடலில் வாழும் பாக்டீரியாக்களைச் சகித்துக்கொள்வதை விட்டுவிட்டுச் சண்டைக்குப் போகிறது, அந்தச் சண்டையில் உட்சுவர் அடிபடுகிறது. அதற்குப் பரம்பரையும் சூழலும் சேர்ந்து காரணம். தொற்றுநோய் அல்ல, தட்டைப் பகிர்ந்துகொண்டால் வராது. மன உளைச்சல் இருக்கிற நோயைக் கூட்டலாம், ஆனால் அது உண்டாக்கிய நோய் இது இல்லை, ஆகவே "நீ ரொம்ப யோசிக்கிறாய், அதனால்தான்" என்று சொல்கிற உறவினர்களைக் காதில் போட்டுக்கொள்ள வேண்டாம். விசித்திரமான விஷயம் ஒன்று: புகை பிடிப்பவர்களுக்கு அல்சரேட்டிவ் கோலைட்டிஸ் குறைவாகவும், நிறுத்திய பிறகு கொஞ்சம் கூடுதலாகவும் வருகிறது. இதைப் படித்துவிட்டு சிகரெட்டைப் பற்றவைக்கக் கிளம்பாதீர்கள். நுரையீரலையும் இதயத்தையும் விற்று மலக்குடலை வாங்குகிற வியாபாரம் அது. கிரோன் நோயிலோ புகை நோயை நன்றாகவே மோசமாக்கும்.

டாக்டரிடம் என்ன சொல்வது

கூச்சப்படாமல் சொல்ல வேண்டியது நான்கு விஷயம். பகலில் எத்தனை தடவை, ராத்திரியில் எத்தனை தடவை என்று தனித்தனியாகச் சொல்லுங்கள், தூக்கத்திலிருந்து எழுப்புகிற பேதி ஐபிஎஸ்ஸில் சாதாரணமாக வருவதில்லை, ஆகவே அந்த எண்ணிக்கைக்குத் தனி மதிப்பு உண்டு. ரத்தம் எப்படி வருகிறது என்று சொல்லுங்கள்: மலத்தின் மேலே கோடாகவா, கலந்தா, வெறும் ரத்தமும் சளியுமாகவா. பளிச்சென்ற சிவப்பு என்றால் ஆசனவாய்க்கும் மலக்குடலுக்கும் பக்கம், மலத்தோடு கலந்து வந்தால் கொஞ்சம் மேலே, தார் போலக் கறுப்பாக நாற்றத்தோடு வந்தால் அநேகமாக இரைப்பையோ சிறுகுடலின் ஆரம்பமோ. இரும்புச்சத்து மாத்திரை சாப்பிட்டாலும் கறுப்பாகப் போகும், அதையும் மறக்காமல் சொல்லிவிடுங்கள். எவ்வளவு நாளாக, எடை எவ்வளவு இறங்கியது என்பது மூன்றாவது. நான்காவதைத்தான் யாரும் சொல்வதில்லை: மூட்டு வலி, கண் சிவந்து வலிப்பது, முழங்காலுக்குக் கீழே தொட்டால் வலிக்கும் சிவந்த முடிச்சுகள், வாய்ப்புண். குடலுக்குச் சம்பந்தமில்லாததுபோல இருக்கும், ஆனால் இதே நோய் குடலுக்கு வெளியேயும் காட்டும் முகங்கள்.

மலச்சிக்கல் இருந்தால் அதையும் சொல்லுங்கள். மலக்குடலில் மட்டும் நோய் இருப்பவர்களுக்கு மேலே உள்ள நல்ல குடலில் மலம் தேங்கி இறுகிவிடுவது உண்டு. அவர்கள் நாளைக்கு எட்டுத் தடவை போவார்கள், ரத்தமும் சளியும்தான் வரும், நிஜமான மலம் மூன்று நாளாக வந்திருக்காது. இதைப் பேதி என்று நினைத்து பேதி நிற்கிற மாத்திரையைப் போட்டால் நிலைமை இன்னும் கெடும்.

பரிசோதனைகளில் முதலில் தொற்று இல்லை என்று உறுதிசெய்ய மலப் பரிசோதனை. அமீபா, பாக்டீரியாத் தொற்றுகள், சமீபத்தில் ஆன்டிபயாடிக் சாப்பிட்டிருந்தால் க்ளாஸ்ட்ரிடியம் டிஃபிசைல் எல்லாம் இதே மாதிரி ரத்தபேதியைத் தரும். ரத்தத்தில் ஹீமோகுளோபின், அழற்சியைக் காட்டும் சிஆர்பி, அல்புமின் என்ற புரதம் ஆகியவற்றைப் பார்ப்பார்கள். மலத்தில் கால்ப்ரொடெக்டின் என்று ஒரு பரிசோதனை இருக்கிறது, வெள்ளை அணுக்கள் குடலுக்குள் விடுகிற புரதம் அது. ஒரு கிராம் மலத்தில் 50 மைக்ரோகிராமுக்குக் கீழே இருந்தால் குடலில் அழற்சி இருக்க வாய்ப்பு குறைவு, 250ஐத் தாண்டினால் அழற்சி மும்முரமாக இருக்கிறது என்று பெரும்பாலும் எடுத்துக்கொள்ளலாம். ஆனால் தொற்றும் சில வலி மாத்திரைகளும்கூட அதை ஏற்றிவிடும்.

கடைசித் தீர்ப்பு, கேமரா வைத்த டியூபைப் பெருங்குடலுக்குள் விட்டுப் பார்க்கிற கொலனோஸ்கோபியும், துணுக்கு எடுத்துச் சோதிக்கிற பயாப்சியும்தான். பார்க்கச் சாதாரணமாக இருக்கும் இடத்திலிருந்தும் துணுக்கு எடுப்பார்கள், நுண்ணோக்கியில்தான் எல்லை தெரியும். கொலனோஸ்கோபியில் கஷ்டமான பகுதி டியூப் அல்ல, குடலைக் காலிசெய்ய அதற்கு முன் குடிக்கிற மருந்து. ஒரே மூச்சில் குடிக்காமல் பாதியை முந்தைய மாலையும் மீதியைப் பரிசோதனைக்கு நான்கிலிருந்து ஆறு மணி நேரம் முன்பும் குடிக்கச் சொல்வார்கள், அப்படிக் குடித்தால்தான் குடல் நன்றாகச் சுத்தமாகும். குளிரவைத்து ஸ்ட்ராவில் குடித்தால் சுவை அவ்வளவாகத் தெரியாது. சிவப்பு நிறப் பானம் வேண்டாம், உள்ளே ரத்தம்போலத் தெரியும். இரும்பு மாத்திரையை ஒரு வாரம் முன்பே நிறுத்துவது பற்றிக் கேளுங்கள். கடைசியில் வெளியே வருவது மஞ்சள் கலந்த தெளிந்த நீராக இருந்தால் தயார். கலங்கலாக இருந்தால் வெட்கப்படாமல் நர்ஸிடம் சொல்லுங்கள், அரைகுறையாகப் பார்த்துவிட்டு மறுபடி வரச் சொல்வதைவிட அது மேல்.

ரிப்போர்ட் வந்ததும் மூன்று விஷயத்தை ஒரு தாளில் எழுதி வைத்துக்கொள்ளுங்கள்: நோய் எதுவரை ஏறியிருக்கிறது, தீவிரம் எவ்வளவு, பயாப்சி என்ன சொல்கிறது. எந்த ஊருக்கு மாறினாலும் எந்த டாக்டரிடம் போனாலும் முதல் கேள்வி இதுதான்.

மருந்து எங்கே போய்ச் சேர வேண்டும்

லேசான, நடுத்தர நோய்க்கு முதல் மருந்து மெசலமைன். இது சுவரைத் தொட்டு வேலை செய்கிற மருந்து, ரத்தத்தில் கலந்து வேலை செய்வது அல்ல. அதனால்தான் மாத்திரைக்கு மேலே ஒரு பூச்சு பூசி, சிறுகுடலைத் தாண்டியபின் கரையும்படி செய்திருக்கிறார்கள். அதைப் பொடித்தோ கடித்தோ சாப்பிட்டால் வழியிலேயே வீணாகிவிடும். நோய் இடது பக்கத்திலோ மலக்குடலிலோ இருந்தால் மேலேயிருந்து மாத்திரை அனுப்புவதைவிடக் கீழேயிருந்து மருந்தை நேரே வைப்பது நல்லது. மலக்குடலுக்கு சப்போசிட்டரி (ஆசனவாய்க்குள் வைக்கும் மாத்திரை), இடது பக்கத்துக்கு எனிமா, இரண்டோடும் மாத்திரையும் சேர்ந்தால் இன்னும் நல்ல பலன். நிறையப் பேர் அருவருப்பில் எனிமாவை வாங்கி அலமாரியில் வைத்துவிட்டு, மாத்திரை கேட்கவில்லை என்று வருத்தப்படுகிறார்கள். இது என் ஆதங்கம், சொல்லிவிட்டேன்.

எனிமா எடுக்கும் விதம்: ராத்திரி படுக்கப் போகுமுன் ஒரு தடவை போய்விட்டு வாருங்கள். பாட்டிலைக் கைக்குள் சிறிது நேரம் வைத்துச் சில்லிப்பைப் போக்குங்கள், குளிர்ந்த திரவம் உள்ளே போனால் மலக்குடல் உடனே வெளியே தள்ளப் பார்க்கும். நன்றாகக் குலுக்குங்கள், மருந்து அடியில் படிந்திருக்கும். கட்டிலில் பழைய துண்டு ஒன்றை விரியுங்கள், மெசலமைன் துணியில் பட்டால் பழுப்புக் கறை போகவே போகாது. இடது பக்கம் சாய்ந்து படுத்து, இடது காலை நீட்டி வலது முழங்காலை மார்புப் பக்கம் மடக்குங்கள். பெருங்குடலின் கடைசிப் பகுதி இடது பக்கம்தான் இருக்கிறது, ஆகவே இப்படிப் படுத்தால் மருந்து தன் எடையிலேயே உள்ளே இறங்கும். நுனியில் வழவழப்புக்கு ஜெல் தடவி, தொப்புளை நோக்கிச் சாய்த்து மெதுவாக உள்ளே விட்டு, அவசரப்படாமல் அழுத்துங்கள். பாட்டிலை அழுத்திப் பிடித்தபடியே வெளியே எடுங்கள், விட்டால் மருந்து திரும்ப பாட்டிலுக்குள்ளேயே ஏறிவிடும். குறைந்தது அரை மணி நேரம் அப்படியே படுத்திருங்கள், ராத்திரி முழுக்க உள்ளே நின்றால் ரொம்ப நல்லது. முதல் சில நாள் பத்து நிமிஷத்தில் வெளியே வந்துவிடும், அதைத் தோல்வி என்று நினைக்க வேண்டாம், அந்தப் பத்து நிமிஷத்திலும் கொஞ்சம் மருந்து சுவரில் பட்டிருக்கும், அழற்சி குறையக் குறைய நேரம் கூடும்.

மெசலமைன் போதவில்லை என்றால் ஸ்டீராய்டு. இது தீயை அணைக்க, வீட்டில் குடியிருக்க அல்ல. சில வாரத்தில் படிப்படியாகக் குறைத்து நிறுத்துவார்கள். நன்றாக இருக்கிறதே என்று நீங்களே சட்டென்று நிறுத்தாதீர்கள், உடம்பு தானாகச் சுரக்கும் ஸ்டீராய்டு அதற்குள் தூங்கிப்போயிருக்கும், அது விழிக்க நேரம் வேண்டும். காலையில் சாப்பிடுங்கள், மாலையில் போட்டால் தூக்கம் போய்விடும். குறைக்கக் குறைக்க நோய் திரும்பத் தலையெடுக்கிறது என்றாலோ, வருஷத்துக்கு இரண்டு தடவை ஸ்டீராய்டு தேவைப்படுகிறது என்றாலோ, மருந்தை மாற்ற வேண்டிய காலம் வந்துவிட்டது என்று அர்த்தம். அதை நீங்களாகவே கேளுங்கள்.

அடுத்த படியில் நோய் எதிர்ப்பு மண்டலத்தின் அந்தச் சண்டையை அடக்குகிற மருந்துகள்: அசதையோப்ரின், இன்ஃப்ளிக்ஸிமாப், அடலிமுமாப், வெடோலிசுமாப், யுஸ்டெகினுமாப், டோஃபாசிடினிப் என்று ஒரு வரிசை இருக்கிறது. அசதையோப்ரின் பலன் காட்ட இரண்டு மூன்று மாதம் ஆகும், ரத்த அணுக்களையும் கல்லீரலையும் தொடக்கத்தில் அடிக்கடியும், பிறகு மருந்து ஓடும் வரை இடைவெளி விட்டும் பரிசோதிக்க வேண்டும். இன்ஃப்ளிக்ஸிமாப் வகையைத் தொடங்குமுன் உள்ளே உறங்கிக்கிடக்கும் காசநோயும் ஹெபடைடிஸ் பி தொற்றும் இல்லை என்று பார்த்தாக வேண்டும், அதைத் தட்டிக்கழிக்கவே கூடாது. உயிருள்ள கிருமிகளைக் கொண்ட தடுப்பூசிகளை இந்த மருந்துகள் ஓடும்போது போட முடியாது, ஆகவே எந்தத் தடுப்பூசி பாக்கி என்று முன்பே கேட்டுவிடுங்கள்.

எதுவுமே கேட்கவில்லை என்றால் அறுவை சிகிச்சை: பெருங்குடலை எடுத்துவிட்டு, சிறுகுடலின் கடைசிப் பகுதியைப் பை போலத் தைத்து ஆசனவாயோடு இணைப்பார்கள், இல்லாவிட்டால் வயிற்றில் துளை வைத்துப் பை மாட்டுவார்கள். சிறுகுடல் நன்றாக இருப்பதால்தான் இது முடிகிறது. இதைத் தோற்றுப்போனவர்களின் வழி என்று பேசுவது எனக்குப் பிடிக்காது. வருஷக்கணக்காகக் கழிப்பறையிலேயே வாழ்ந்த சிலருக்கு விடுதலையே அதுதான். சிறுகுடலில் உள்ளே பை தைத்த பிறகும் நாளைக்கு நான்கிலிருந்து எட்டுத் தடவை போக வேண்டியிருக்கும் என்பதை மட்டும் முன்பே தெரிந்துகொள்ளுங்கள், ஆனால் அந்தப் பழைய அவசரம் பெரும்பாலும் இருக்காது.

வீட்டில் செய்ய வேண்டியது

ஒரு நோட்டில் தினமும் ஒரு வரி. எத்தனை தடவை, ராத்திரி எத்தனை, ரத்தம் இல்லை / கொஞ்சம் / நிறைய, அவசரம் உண்டா. மலத்தின் தன்மைக்கு பிரிஸ்டல் அட்டவணையில் உள்ள ஏழு வகையில் எண்ணை மட்டும் போட்டால் போதும், 3உம் 4உம் இயல்பு, 6உம் 7உம் இளகியது. சாப்பாட்டை முழுக்க எழுத வேண்டாம், இரண்டு நாளில் சலித்து நோட்டையே மூடிவிடுவீர்கள். இரண்டு வாரத்துக்கான இந்த வரிகளை டாக்டர் அரை நிமிஷத்தில் படித்துவிடுவார், "பரவாயில்லை டாக்டர், கொஞ்சம் இருக்கு" என்ற பதிலைவிட அது ஆயிரம் மடங்கு பயன்படும்.

சரி, சாப்பாடு. இந்த நோயைத் தீர்க்கிற உணவு என்று ஒன்று இதுவரை நிரூபிக்கப்படவில்லை. யாராவது விற்றால் பர்ஸைப் பத்திரமாக வைத்துக்கொள்ளுங்கள். நோய் மூண்டிருக்கும்போது தோல், விதை, பச்சைக் காய்கறி, அதிகக் காரம், அதிகக் கொழுப்பு ஆகியவற்றைக் குறைத்தால் வயிறு கொஞ்சம் அமைதிப்படும், அவ்வளவுதான், புண் அதனால் ஆறுவதில்லை. பால் குடித்தால் உப்புசமும் பேதியும் கூடுகிறவர்கள் மட்டும் பாலை நிறுத்திப் பார்க்கலாம். நோய் அடங்கியதும் நார்ச்சத்தைத் திரும்பக் கொண்டுவாருங்கள், பெருங்குடல் பாக்டீரியாக்களுக்கு அதுதான் தீனி. பயத்தில் எல்லாவற்றையும் விலக்கி எலும்பும் தோலுமாக ஆவது நோயைவிடக் கெடுதல். பேதி அதிகமுள்ள நாளில் வெறும் தண்ணீரை மட்டும் குடிக்காமல் ஓஆர்எஸ் குடியுங்கள், போவது உப்பும் சேர்ந்துதான்.

ரத்தசோகையை யாரும் கண்டுகொள்வதில்லை. மாடி ஏறினால் மூச்சு வாங்குவதை நோயின் களைப்பு என்று விட்டுவிடுவார்கள். ஹீமோகுளோபினோடு, உடம்பில் உள்ள இரும்பின் இருப்பைக் காட்டும் ஃபெரிடினும் பாருங்கள். அழற்சி இருக்கும்போது ஃபெரிடின் பொய்யாகக் கூடித் தெரியும், ஆகவே 100க்குக் கீழே இருந்தாலே இரும்பு குறைவாக இருக்கலாம். மாத்திரை வயிற்றைக் கலக்கினால் நரம்பு வழியாக ஏற்றும் இரும்பு இருக்கிறது.

ஐபுப்ரோஃபென், டைக்ளோஃபினாக் போன்ற வலி மாத்திரைகள் சிலருக்கு நோயை மூட்டிவிடும். தலைவலி, காய்ச்சலுக்கு பாராசிட்டமாலோடு நிறுத்திக்கொள்வது நல்லது. மருந்துக் கடையில் கேட்காமலே கொடுப்பார்கள், நீங்கள்தான் அட்டையைப் படிக்க வேண்டும்.

இந்த நோயில் அதிகம் பேர் சறுக்குகிற இடம் வேறு. ரத்தம் நின்று, நாளைக்கு ஒரு தடவை இயல்பாகப் போக ஆரம்பித்ததும் மருந்தை நிறுத்திவிடுவார்கள். சில மாதம் ஒன்றும் ஆகாது, "பார்த்தாயா, மருந்தே வேண்டாம்" என்று தோன்றும். அப்புறம் திரும்ப மூளும், சில சமயம் முன்பைவிட மேலே ஏறி, முன்பு கேட்ட மருந்துக்கு மசியாமல். நோய் அடங்கியிருப்பதே அந்த மருந்தினால்தான். குறைப்பதாக இருந்தால் கால்ப்ரொடெக்டினோ கொலனோஸ்கோபியோ பார்த்து, சுவர் ஆறியிருக்கிறது என்று தெரிந்தபின் டாக்டரோடு பேசிக் குறையுங்கள். குழந்தை பெற்றுக்கொள்ள நினைப்பவர்களுக்கும் இதேதான்: நோய் சில மாதமாவது அடங்கியிருக்கும் காலத்தில் கருத்தரிப்பது தாய்க்கும் குழந்தைக்கும் நல்லது. மெசலமைன் போன்ற பல மருந்துகளைத் தொடரலாம், டோஃபாசிடினிப் போன்ற சிலவற்றை முன்பே மாற்ற வேண்டும், ஆகவே முதலில் டாக்டரிடம் சொல்லிவிடுங்கள்.

எப்போது ஆஸ்பத்திரிக்கு ஓட வேண்டும்

1955இல் ட்ரூலவ், விட்ஸ் என்ற இரு மருத்துவர்கள் வகுத்த அளவுகோல்தான் இன்றும் பயன்படுகிறது. ஒரு நாளைக்கு ரத்தத்தோடு ஆறு தடவையோ அதற்கு மேலோ போகிறது, அதோடு காய்ச்சல் 37.8 டிகிரி செல்சியஸைத் தாண்டுகிறது, அல்லது நாடித்துடிப்பு நிமிஷத்துக்கு 90க்கு மேல், அல்லது ஹீமோகுளோபின் 10.5க்குக் கீழே, இவற்றில் ஒன்று சேர்ந்தாலும் அது தீவிரம், வீட்டில் வைத்துப் பார்க்கிற விஷயம் அல்ல. தெர்மாமீட்டரும் கடிகாரமும் போதும், முதல் மூன்றையும் வீட்டிலேயே பார்த்துவிடலாம்.

இந்த நிலையில் பேதியை நிறுத்தும் லோப்பராமைடு மாத்திரையைத் தொடவே தொடாதீர்கள். அழன்றுபோன பெருங்குடல் அசைவற்றுப் பலூன்போல உப்பி வெடிக்கிற ஆபத்து இருக்கிறது. வயிறு உப்பி இறுகி, தொட்டால் வலித்து, அதுவரை ஓடிக்கொண்டிருந்தவருக்குத் திடீரென்று மலம் குறைந்தால் அதை "பரவாயில்லை, குறைந்துவிட்டது" என்று நினைக்கக் கூடாது. அதுதான் மிக ஆபத்தான அறிகுறி.

ஆஸ்பத்திரியில் நரம்பு வழியாக ஸ்டீராய்டு கொடுத்து, மூன்றாவது நாள் வாக்கில் கேட்கிறதா என்று கணக்குப் பார்ப்பார்கள். கேட்காவிட்டால் அடுத்த மருந்து அல்லது ஆபரேஷன், இந்தப் பேச்சைச் சர்ஜன் முதல் நாளே வந்து தொடங்கினால் மிரளாதீர்கள், தள்ளிப்போடுவதுதான் உயிருக்கு ஆபத்து. வயிற்றில் தினமும் ஒரு ஹெப்பரின் ஊசியும் போடுவார்கள். "ரத்தமே போகிறது, இதில் ரத்தம் உறையாமல் இருக்க ஊசியா?" என்று பதறி வேண்டாம் என்று சொல்லிவிடுகிறவர்கள் உண்டு. தீவிர அழற்சியில் கால் ரத்தக் குழாய்களிலும் நுரையீரலிலும் ரத்தம் கட்டும் வாய்ப்பு கூடுகிறது, அந்த ஊசி அதற்குத்தான், போட்டுக்கொள்ளுங்கள்.

எட்டாவது வருஷம்

பெருங்குடலின் பெரும்பகுதி பல வருஷம் அழன்றிருந்தால் அங்கே புற்றுநோய் வரும் வாய்ப்பு கூடுகிறது. அதனால் தொந்தரவு தொடங்கி எட்டு வருஷம் ஆனதும், உடம்பு எவ்வளவு நன்றாக இருந்தாலும், ஒரு கொலனோஸ்கோபி செய்ய வேண்டும், அதன் பிறகு ஒன்றிலிருந்து ஐந்து வருஷத்துக்கு ஒரு தடவை, யாருக்கு எத்தனை என்பது ஆபத்தைப் பொறுத்து. பித்தக்குழாய்கள் சுருங்கும் பிஎஸ்சி என்ற நோயும் கூடவே இருப்பவர்களுக்கு எட்டு வருஷம் காத்திருப்பதில்லை, கண்டுபிடித்த நாளிலிருந்தே வருஷா வருஷம். மலக்குடலில் மட்டும் நோய் இருப்பவர்களுக்கு இந்தத் தொடர் பரிசோதனை தேவைப்படுவதில்லை. எட்டு என்பது நோயைக் கண்டுபிடித்த தேதியிலிருந்து அல்ல, முதல் அறிகுறி தெரிந்த நாளிலிருந்து எண்ணுவது. ஆகவே முதன்முதலில் ரத்தம் பார்த்தது எந்த வருஷம், எந்த மாதம் என்று இன்றைக்கே யோசித்து, அந்த ரிப்போர்ட் தாளின் மேல் மூலையில் எழுதி வையுங்கள்.